தைத்த சாவி

சாவி சட்டைப் பையில் இருந்தால்தான் அவருடைய கை மெஷினுக்கு அடியில் போகும். புல் வெட்டுகிற வேலையில் அவருக்கு நிறைய சட்டங்கள் இருந்தன. மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்று போன பிறகும் மிஞ்சி நின்றது இது.

குடிநீர்த் தேக்கத்தின் கரைகளில் புல் வெட்டுவது அவர் வேலை. டிராக்டரின் பின்னால் தட்டையான இரும்புப் பெட்டி போல மெஷின் மாட்டியிருக்கும். இன்ஜினிலிருந்து ஒரு தண்டு சுழன்று வந்து, பெட்டிக்கு அடியிலிருக்கும் பிளேடுகளைச் சுழற்றும். கரையில் புல் உயரமாக வளர்ந்துவிட்டால் எலி தோண்டிய ஓட்டையும் தெரியாது, தண்ணீர் கசிவதும் தெரியாது. அதனால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோடியில் முடிக்கும்போது மறு கோடியில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். "முதுகு சொறியறதுக்கு ஆள் வெச்சுக்கிட்ட ஒரே கரை இதுதான்யா" என்று பம்ப் ஆபரேட்டர் சொல்வார்.

அவரை எல்லோரும் மூணு சுத்து என்று கூப்பிட்டார்கள். டிராக்டரில் ஏறுவதற்கு முன்னால் அதை மூன்று முறை சுற்றி வருவார். முதல் சுற்று டயர், எண்ணெய், பிரேக். இரண்டாவது மெஷினுக்கு: பிளேடு போல்ட்டுகள், தண்டின் மேலிருக்கும் உறை, கல் தெறிக்காமல் பின்னால் தொங்குகிற சங்கிலித் திரை. மூன்றாவது சுற்றில் எதையும் தொட மாட்டார். குனிந்து, நிமிர்ந்து, சுற்றிலும் பார்ப்பார். புல்லுக்குள் யாராவது படுத்திருக்கிறார்களா, நாய் இருக்கிறதா என்று.

"டிராக்டருக்கே தலை சுத்துது, ஏறித் தொலையேன்யா" என்பார் பம்ப் ஆபரேட்டர்.

அவர் பாட்டுக்குச் சுற்றுவார். மூன்றும் முடிந்தால் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, காது மூடியைப் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் கேட்காது.

கையைப் பறிகொடுத்த யாரையாவது பார்த்துவிட்டுத்தான் இப்படி ஆனார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் அப்படி யாரையும் பார்த்ததில்லை. பயந்தவரும் இல்லை. சிலருக்குச் சாப்பிட்ட தட்டை உடனே கழுவியாக வேண்டும், அந்த மாதிரி. வீட்டில் அடுப்பை அணைத்த பிறகு சிலிண்டரை மூடுவார். மூடிய பிறகு மறுபடி அடுப்பைத் திருகி, எரியவில்லை என்று பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுப்பார். "பிடுங்கிக் கையோட எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்பாள் மனைவி.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். விரிப்புகளை இஸ்திரி போடுவாள், கிழிந்தவற்றைத் தைப்பாள். ஒரே மகள் கல்யாணமாகி வெகு தூரத்தில் இருந்தாள். பக்கத்துப் போர்ஷனில் மனைவியின் தம்பி. நாற்பது தாண்டியவன், உச்சியில் வழுக்கை, வாய் ஓயாது. அவனும் தேக்கத்தில்தான் வேலை பார்த்தான், அதே டிராக்டருக்கு முன்னால். வாளியோடு நடந்துபோய் கல், பாட்டில், கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குவான். முட்டை அளவு கல் ஒன்று சுழலும் பிளேடில் பட்டால் எங்கே போய் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. டிராக்டர் அவனுக்கு வெகு பின்னால்தான் வர வேண்டும் என்பதும் அவருடைய சட்டம். நெருங்கிவிட்டதாகத் தோன்றினால் வண்டியை நிறுத்திவிட்டு, அவன் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பார். இருவர் காதும் மூடியிருக்கும். பேச்செல்லாம் கையால்தான்.

நாலாவது சுற்றை முதலில் பார்த்தவன் அவன்தான்.

"மாமா, நாலாவது சுத்து போறீங்க."

"எண்ணிக்கிட்டுத்தான்டா வர்றேன்."

"அப்ப இது எத்தனாவது?"

அவர் டயர் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"பேசிப் பேசி எண்ணிக்கையைக் கலைச்சிட்டே. மறுபடியும் முதல்லேர்ந்து."

சிரித்துக்கொண்டே அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் அக்காவிடம் இதைச் சொல்லியும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்று காலை அவர் சிலிண்டரை மூடிவிட்டு அடுப்பைத் திருகிப் பார்த்து, மறுபடி சிலிண்டரைத் திறந்து, மறுபடி மூடி, அதையே செய்துகொண்டிருந்திருக்கிறார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பிறகு சாவி தொலைய ஆரம்பித்தது. கையிலேயே வைத்துக்கொண்டு ஷெட் முழுக்கத் தேடினார். ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் சாவியில்லாமல் டிராக்டர் ஷெட்டிலேயே நின்றது. சாவி சோப்புப் பெட்டியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், வேலையே இல்லாத நாளில், சாப்பிடும்போது இடது கையால் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்.

"சாவி எங்கே?"

"ஷெட்டுல மாட்டியிருக்கு. உக்காருங்க."

"பையில இல்லையே."

"பையில எதுக்கு இருக்கணும்? இன்னிக்கு லீவு."

உட்காருவார். சோறு பாதி காய்ந்த பிறகு மறுபடி மார்பைத் தட்டுவார்.

ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் கெஞ்சி ஒரு நேரம் வாங்கினாள். தம்பியும் போனான். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். அவர் வட்டத்தை மிக அழகாக வரைந்துவிட்டு, எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கினார். இது கூடிக்கொண்டுதான் போகும், மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"வண்டி கிண்டி ஓட்டறாரா?"

"இல்லைங்க" என்றாள்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்.

"ஏன்க்கா இல்லைன்னு சொன்னே?"

"டிராக்டர் ஒரு வண்டியாடா? அது கரையை விட்டு எங்கே போகுது?"

அவன் அதை விட்டுவிட்டான். விட்டுவிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கீழே எப்படித் தடுமாறினாலும், சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர் பழைய ஆள்தான். சரிவில் குறுக்கே போக மாட்டார், மேலும் கீழுமாகத்தான். திருப்பத்தில் மெஷினைத் தூக்குவார், திரும்பியதும் இறக்குவார். வெட்டிய கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். மூளை மறந்ததை முதுகு நினைவில் வைத்திருந்தது. அதிலிருந்து இறக்கிவிட்டால் அவரிடம் என்ன இருக்கும் என்று தம்பிக்குத் தெரியவில்லை.

சூப்பர்வைசருக்குச் சாவி விஷயம் மட்டும் தெரியும். அவர் வயதில் சின்னவர், நல்ல மாதிரி.

"அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா புல்லு வெட்ட ஒரு ஆள், சாவி தேட ஒரு ஆள்னு வெச்சுக்க முடியாது. இன்னொரு தடவைன்னா மேல சொல்லியாகணும்."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமலே இருந்தார். கையை மார்பில் வைப்பார், எடுப்பார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

தம்பி மூலம் அதே மாதிரி சாவிகள் வெட்டி வாங்கினாள். சீருடைச் சட்டை இரண்டு. ஒவ்வொன்றின் பையிலும் ஒரு சாவியைப் போட்டு, பையின் வாயைத் தைத்துவிட்டாள். விரிப்புத் தைக்கிற கனமான நூல். உண்மையான சாவியைத் தம்பி பார்த்துக்கொள்வது என்று பேச்சு. காலையில் ஷெட்டிலிருந்து எடுத்து அவனே டிராக்டரில் போடுவான், மாலையில் அவனே எடுத்து மாட்டுவான். இனி எந்தச் சாவியும் தொலையப் போவதில்லை. அப்படியே தொலைந்தாலும், நூலைப் பிரித்தால் இன்னொன்று இருக்கிறது.

"உன் மூளையை ஆஸ்பத்திரியில வெச்சு வைத்தியம் பாக்கச் சொல்லணும்க்கா, எல்லாருக்கும்" என்றான் தம்பி.

"போடா" என்றாள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பலித்தது. அவர் மார்பைத் தட்டுவார், துணிக்கு அடியில் சாவி கையில் படும், முகம் தெளியும். சாப்பிடும்போது எழுந்திருப்பது நின்றது. லீவு நாளிலும் அந்தச் சட்டையையே கேட்டார். தூக்கம்கூட நன்றாக வந்தது. சூப்பர்வைசர் ஒரு நாள் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த மாதங்களில் அக்காவும் தம்பியும் டாக்டர் சொன்னதை, யாரோ வேறு ஒருவரைப் பற்றிச் சொன்னது போல மறந்தே போனார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் கரையின் அடிவாரத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த மாதங்களில் மெஷினை அடைக்காத புல் இப்போது ஈரத்தில் கனத்துச் சாய்ந்திருந்தது. தம்பி வழக்கம்போல வெகு முன்னால் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தான். காது மூடியையும் தாண்டி இன்ஜின் சத்தம் முதுகில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வைத்தே வேகத்தைச் சரிபார்த்துக்கொள்வான். ஏதோ வித்தியாசமாக இருந்தது. சத்தம் இருந்தது, ஆனால் வரவில்லை. திரும்பினான்.

டிராக்டர் நின்றிருந்தது. மெஷின் தூக்கியபடி இருந்தது, அடியில் ஈரப்புல் அப்பிக்கொண்டு. தண்டு சுழன்றுகொண்டிருந்தது. அவர் கீழே இறங்கியிருந்தார்.

புல் அடைத்தால் அவர் என்ன செய்வார் என்று தம்பி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். லிவரைத் தள்ளிப் பிளேடை விடுவிப்பார். மெஷினைத் தரையில் இறக்குவார். பிரேக். இன்ஜினை அணைப்பார். சாவியை எடுத்துப் பையில் போட்டு மேலே ஒரு தட்டு. பிளேடு சுழன்று ஓயும் வரை உட்கார்ந்திருப்பார். பிறகுதான் இறக்கம். மெஷினைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தால், கீழே விழாமல் கட்டை கொடுப்பார்.

இன்று நேராகக் கட்டையில் ஆரம்பித்திருந்தார். டிராக்டர் பக்கவாட்டிலிருந்து கட்டையை எடுத்து, மெஷின் ஓரத்தில் முட்டுக் கொடுத்து, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியோடு நிமிர்ந்தார். கையுறையை இழுத்து விட்டுக்கொண்டார். மார்பைத் தட்டினார். சாவி இருந்தது.

மண்டி போட்டார்.

தம்பி கத்தினான். கத்தல் அவன் காதுக்கே கேட்கவில்லை. ஓடினான், ஈரப்புல் காலை வாரியது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அவர் இவன் பக்கம் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் முழங்கையில் வாளி தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தான்.

கல் அவருடைய தோள்பட்டையில் பட்டது. தப்பியிருந்தால் பிளேடுக்குத்தான் போயிருக்கும் என்பது வெகு நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

அவர் துள்ளி எழுந்தார். வாய் அசைந்தது. இவன் போய்ச் சேர்ந்து, அவரைத் தள்ளிக்கொண்டே ஏறி, சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தான். தண்டு நின்றது. பிளேடுகள் மட்டும் சீறிக்கொண்டே இருந்து, பிறகு முனகி, பிறகு அடங்கின. இருவரும் காது மூடியைக் கழற்றிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பைத்தியமாடா நீ? கல்லை விட்டு எறியறே!"

"இன்ஜின் ஓடிட்டிருந்துச்சு மாமா."

"ஓடுமா? சாவி எங்கிட்ட இருக்கு." மார்பைத் தட்டினார். "தொட்டுப் பாரு. தொட்டுப் பாருடா."

தம்பி தொடவில்லை. டிராக்டரைப் பார்த்தான். அவரும் பார்த்தார். அங்கே சாவி, அதன் வளையத்தோடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் சாவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவர் பல மாதங்களாக அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. தம்பி அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

"அப்ப இது என்னது?" என்றார்.

"அது... சும்மா மாமா. உங்க நிம்மதிக்கு."

"நிம்மதிக்கு" என்றார். கையுறைகளைக் கழற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக டயர் மேல் வைத்தார். பத்து விரல்களையும் விரித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா சட்டையை மடியில் போட்டுக்கொண்டு தையலைப் பிரித்தாள். நூல் கனமானது, லேசில் வரவில்லை. பல்லால் கடித்தாள்.

"நான்தான்டா தைச்சேன்."

"வெட்டி வாங்கிட்டு வந்தது நான்."

"அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒண்ணுதான். அதையும் நாமளே..."

அவர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். காலையில் நடந்தது அவருக்குள் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. தோள்பட்டையில் மட்டும் மருந்து போட்டிருந்தது. பிரிந்த பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தையல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மனைவியிடம், ஆறுதல் மாதிரி.

தம்பி மறுநாள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் இனி டிராக்டர் பக்கமே போகக் கூடாது, நீ ஓட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாம் சரியான பேச்சு. பகலில் வீட்டில் யார் இருப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவராலும் முடியாது.

அக்கா சில நாள் லீவு போட்டாள். பிறகு வெளியே பூட்டிவிட்டுப் போனாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களிடமெல்லாம் சாவி கேட்டார். பூட்டாமல் போனால் தெருவில் இறங்கி, நிறுத்தியிருக்கிற வண்டிகளைச் சுற்ற ஆரம்பித்தார். யாரோ ஒருவருடைய புதுக் காரைச் சுற்றிக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரர் வந்து சட்டையைப் பிடித்துவிட்டார்.

"காத்தைப் பிடுங்கவா பாக்கறே?"

"இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றாராம் இவர்.

தம்பி மறுபடி சூப்பர்வைசரிடம் போய் நின்றான். கரை முனையில் மரத்தடியில் உட்காரவாவது விடுங்கள் என்றான். சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பாக்கலை. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அது உன் தலையில" என்றார்.

இப்போது தம்பிதான் ஓட்டுகிறான். கல் பொறுக்க இன்னும் ஆள் போடவில்லை. அவர் மரத்தடியில் உட்கார மாட்டேன் என்கிறார். வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார். அதனால் தம்பி ஒரு வழி செய்திருந்தான். வெட்ட வேண்டிய புல் பட்டையை இருவரும் முதலில் நடந்து முடிப்பார்கள். அவரைக் கொண்டுபோய் மரத்தடியில் உட்கார்த்தி, கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்புவான். அவர் எழுந்து நின்றால் அணைத்துவிடுவான்.

அவர் நன்றாகவே பொறுக்குகிறார். புல்லை விலக்கிக் கல்லைக் கண்டுபிடித்துவிடுகிறார், தம்பியைவிடச் சீக்கிரம். கையில் எடுத்துக் கொஞ்ச தூரம் நடப்பார். வாளி வரைக்கும் அது நினைவில் இருப்பதில்லை. கையை விரித்துக் கல்லைப் பார்ப்பார், எதற்கு என்று தெரியாமல். பிறகு குனிந்து, உடைந்துவிடும் என்பது போல, புல்லுக்குள் பதமாக வைத்துவிடுவார். தம்பி பின்னாலேயே வந்து எடுப்பான். ஒரு பட்டை வெட்டுகிற நேரத்தில் முன்பு மூன்று பட்டை ஆகும். தேக்கத்தின் மறு கோடியில் புல் இடுப்பளவு வந்துவிட்டது. பம்ப் ஆபரேட்டர் இப்போது எதுவும் சொல்வதில்லை.

இன்று புல் அடைத்துக்கொண்டது. தம்பி லிவரைத் தள்ளினான். மெஷினை இறக்கினான். பிரேக். அணைத்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பிளேடு ஓயும் வரை காத்திருந்து இறங்கினான். மெஷினை நெம்பித் தூக்கிக் கட்டை கொடுத்தான். குனியும்போது மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அவர் மரத்தடியிலிருந்து வந்திருந்தார். பிடி வலித்தது, அந்தக் கையில் இவ்வளவு பலம் இன்னும் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"சாவி எங்கே?"

"பையில இருக்கு மாமா."

"தட்டாதே. எடுத்துக் காட்டு."

தம்பி எடுத்துக் காட்டினான். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நடந்துபோய், டிராக்டரில் சாவித் துவாரம் வெறுமையாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து சாவியை அவன் கையில் கொடுத்தார்.

"இப்ப கையை விடு."

தம்பி மெஷினுக்கு அடியில் கையை விட்டு ஈரப்புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான். பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கையில் ஒரு கல் இருந்தது. கையை விரித்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து, இனி வெட்ட வேண்டிய புல்லுக்குள் வைத்தார்.